ஓட்டுபவர் எடை

மயிலாப்பூர்,
7 ஜூலை 2024

அன்புள்ள ரோனி அண்ணா,

இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் அப்படியே இருக்கிறது. நீ சுகமா என்பதை முதல் வரியிலேயே எழுது, கடைசி வரை தேட வைக்காதே.

நீ சிறுமலை நவதுறவகத்துக்குப் போய் இன்றோடு இருபத்தெட்டு நாள். போனை வாங்கி வைத்துவிடுவார்கள், மாதம் ஒரு கடிதம்தான் என்று நீ சொன்னபோது விளையாட்டு என்று நினைத்தேன். தபால் நிலையத்தில் இன்லாண்ட் லெட்டர் கேட்டேன். ‘இன்னாமா, ஸ்கூல் ப்ராஜெக்டா?’ என்றார் கவுண்டரில் இருந்த அக்கா. அண்ணனுக்கு என்றால் நம்பவில்லை.

கோயிலில் எல்லோரும் அம்மாவின் கையைப் பிடித்து, ‘உங்க வீட்டுலயும் ஒரு சாமியார்’ என்கிறார்கள். அம்மா சிரிக்கிறாள். வீட்டுக்கு வந்து உன் சட்டைகளை எடுத்து அயர்ன் செய்கிறாள். யாரும் போடாத சட்டை எப்படிக் கசங்கும் என்று நான் கேட்கவில்லை. அப்பா உன் பெயரைச் சொல்வதில்லை. ‘அவன்’ என்றுகூடச் சொல்வதில்லை.

அடுத்த மே மாதம் முதல் வார்த்தைப்பாடு என்ற துறவற உறுதிமொழியைக் கொடுக்கும்வரை எந்த நாளிலும் வீட்டுக்குத் திரும்பலாம், காரணம் கேட்க மாட்டார்கள் என்று நீதான் சொன்னாய். அதனால் நேராகக் கேட்கிறேன். வந்துவிடு அண்ணா. பெருங்குடியில் உன் வேலை போய்விட்டால் என்ன, வேறு கிடைக்கும்.

உன் நீல ஆக்டேவியா கார் வேளச்சேரி அத்தை வீட்டு பேஸ்மெண்டில் தூசி படிந்து நிற்கிறது. மெக்கானிக் வலியுல்லா பாய் போன் செய்தார். புது சஸ்பென்ஷன் போடுவதாகச் சொல்லி வைத்திருந்தாயாமே, என்ன செய்வது என்கிறார்.

உன் பதிலுக்காகக் கேட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
ஷெரில்

---

சிறுமலை,
4 ஆகஸ்ட் 2024

அன்புத் தங்கை ஷெரிக்கு,

சுகம். முதல் வரியிலேயே எழுதிவிட்டேன். நீங்களும் இறைவன் அருளால் சுகமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே காலை ஐந்து மணிக்கு எழுகிறோம், செபம், தோட்ட வேலை, வகுப்பு. எல்லாம் நன்றாக இருக்கிறது. வரும் கடிதங்களை எங்கள் தலைவர் தந்தை லாசர் பார்த்துவிட்டுத் தருவார், நினைவிருக்கட்டும். நன்றாகப் படி. பிளஸ் டூ முக்கியம்.

உனக்காகச் செபிக்கும்,
ரொனால்ட்

பின்குறிப்பு: பாயிடம் அவசரப்பட வேண்டாம் என்று சொல். நான் போட்டிருக்கும் குட்டை ஸ்பிரிங்குக்குப் அதிர்வு தாங்கும் பழைய ஷாக்ஸ் பொருந்தவே இல்லை. வேகமாகப் போனால் வண்டி தரையைப் பிடிக்கும், ஆனால் குண்டும் குழியுமான ரோட்டில் துள்ளும். பின்பக்கம் இடது ஷாக்ஸில் எண்ணெய் கசிகிறதா என்று அத்தை வீட்டில் குனிந்து பார். கசிந்தால் கீழே ஈரத்தில் தூசி ஒட்டிக் கறுப்பாக இருக்கும். மாதம் ஒரு முறை யாராவது வண்டியை ஓரடி முன்னால், ஓரடி பின்னால் நகர்த்தச் சொல், டயர் ஒரே இடத்தில் அழுந்தக் கூடாது. பானெட்டுக்கு மேல் எதையும் வைக்க வேண்டாம் என்று அத்தையிடம் சொல், பேஸ்மெண்ட் வாசல் வழியே அங்கே வெயில் விழும், வடாம் காயவைப்பாள்.

---

மயிலாப்பூர்,
15 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அண்ணா,

மாதா விண்ணேற்புத் திருநாள் வாழ்த்துகள். எல்லோரும் சுகம். அத்தை பானெட்டில் வடாம் இல்லை, மிளகாய் காயவைத்திருந்தாள். எடுத்துவிட்டேன்.

உன் கடிதத்தை எண்ணிப் பார்த்தேன். கடவுள், நான், படிப்பு எல்லாம் சேர்த்து ஏழு வரி. பின்குறிப்பு பன்னிரண்டு வரி. எனவே போன கடிதத்தில் கேட்டதை இனிக் கேட்க மாட்டேன். வண்டியைப் பற்றி மட்டும் கேட்கிறேன். தந்தை லாசர் அவர்களே, வண்டியைப் பற்றி எழுதுவது தவறில்லை அல்லவா?

சனிக்கிழமை டியூஷன் முடிந்து தி. நகரில் பாயின் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன்.

‘ரொனால்டு தங்கச்சி தானே? அதே மூக்கு’ என்றார். ‘அவன் நெசமாவே சாமியாரா பூட்டானா? ஷாக்ஸு ஷாக்ஸுன்னு மூணு மாசம் என் உசுர வாங்கினான். இப்ப சொல்லாம கொள்ளாம மலையேறிக்கினான்.’

சுருள்வில்லின் விறைப்பு பற்றி எங்கள் இயற்பியலில் இருப்பதைச் சொன்னேன். ‘சுருள்வில்லா? ஏம்மா, ராமர் கைல வெச்சினுருப்பாரே, அதுவா?’ என்று கடையே சிரித்தது. ஆனாலும் நாற்காலி போட்டு விளக்கினார். வழி மூன்று. ஒன்று, கம்பெனி ஸ்பிரிங்கையும் கம்பெனி ஷாக்ஸையும் திரும்பப் போடுவது. இரண்டு, இப்போதிருக்கும் குட்டை ஸ்பிரிங்கை வைத்துக்கொண்டு அதற்கேற்ற, வாயு நிரப்பிய கேஸ் ஷாக்ஸ் வாங்குவது. மூன்று, காயில்ஓவர்: ஸ்பிரிங்கும் ஷாக்ஸும் ஒன்றாக வரும், உயரத்தையும் விறைப்பையும் திருகிக் கூட்டிக் குறைக்கலாம். மூன்றாவதுதான் நீ கேட்டதாம்.

‘இது டெய்லர் கட மாரி’ என்றார். ‘நாலு சக்கரத்துக்கும் அடில தராசு வெச்சி, ஓட்றவன சீட்ல குந்தவெச்சி, ஒவ்வொரு மூலையா அளவெடுப்பேன். ஆள் இல்லாங்காட்டி அதே வெயிட்டுக்கு மணல் மூட்ட வெப்பேன். வெயிட்டு கரெக்டா சொல்லணும்.’

அவருடைய எண்ணெய்க் கறை படிந்த அளவு ஃபார்மை இத்துடன் வைத்திருக்கிறேன். உன் கையெழுத்தில் நீ நிரப்ப வேண்டும். எழுபத்து நான்கு கிலோ என்று நானே போட்டிருப்பேன். ஆனால் அங்கே சாப்பாடு எப்படியோ?

கறை படிந்த விரல்களுடன்,
ஷெரில்

---

சிறுமலை,
1 செப்டம்பர் 2024

அன்பு ஷெரிக்கு,

சுகம். உன் கடிதத்தைத் தந்தை லாசர் கொடுக்கும்போது சிரித்துக்கொண்டே கொடுத்தார். ‘ஒங்க தங்கச்சி எங்கிட்ட நேராவே பேசுதுப்பா’ என்றார். தவறில்லையாம். காயில்ஓவர் என்றால் என்ன என்று அவருக்கும் நான் விளக்க வேண்டியதாயிற்று.

இரண்டாவது வழி வேண்டாம். குட்டை ஸ்பிரிங் ஓ.எம்.ஆர். நெடுஞ்சாலையில் நன்றாக இருக்கும், லஸ் பக்கம் வந்தால் பல் ஆடும். காயில்ஓவர் என்றால் முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் சற்று விறைப்பாக வேண்டும், அப்போதுதான் வளைவில் மூக்கு வெளியே போகாது. ஆனால் விறைப்பைக் கூட்டினால் ஸ்பீட் பிரேக்கரில் முதுகு போய்விடும். கூடவே இணைப்பு வளையங்களான புஷ்களையும் மாற்றச் சொல். ரப்பர் புஷ் போதும், கடின வகை போட்டால் ரோட்டில் இருக்கும் சின்னக் கல்கூட ஸ்டீயரிங்கில் தெரியும்.

(இப்படியே இன்னும் இரண்டு பக்கம் எழுதிக் கிழித்தேன். உனக்குப் பரீட்சை இருக்கிறது.)

ஸ்பிரிங் தேர்ந்தெடுப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. எந்த ரோடு, கூட யார் வருவார்கள், யார் ஓட்டுவார்கள். மற்ற எல்லாம் அதற்கப்புறம்தான்.

ஃபார்ம் பத்திரமாக இருக்கிறது.

அம்மாவின் முழங்காலுக்காகச் செபிக்கும்,
ரொனால்ட்

---

மயிலாப்பூர்,
20 அக்டோபர் 2024

அன்புள்ள அண்ணா,

நனைந்தாலும் சுகமாக இருக்கிறோம். மூன்று கேள்வி எழுதினாய், மூன்றாவதற்கு நீயே பதில் எழுதவில்லை. பார்த்தேன்.

இப்போது செய்தி. மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரிக்காரர்கள் எல்லோரும் வண்டிகளை மேம்பாலத்தில் கொண்டுபோய் வரிசையாக விட்டார்கள். அத்தை அப்பாவுக்குப் போன் செய்தாள். ‘பேஸ்மெண்ட்ல தண்ணி வந்தா ஒம் புள்ள காரு மீன் தொட்டி ஆயிடும் லூயிஸ்.’ அப்பா போனை வைத்துவிட்டுக் கணக்குப் பரீட்சைத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தார். பத்து நிமிடம் கழித்து, ‘சாவி எங்க?’ என்றார். அது உன் மேசை டிராயரில் இருப்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இருந்தும் கேட்டார்.

பதினைந்து வருடமாக ஸ்கூட்டரைத் தவிர எதையும் ஓட்டாத அப்பா உன் காரில் உட்கார்ந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். கால் எட்டவில்லை. ‘சீட்ட முன்னால இழுங்கப்பா’ என்றேன். ‘அவன் அளவு மாறிடும்’ என்றார். நான்கு மாதத்தில் முதல் ‘அவன்’. அத்தையிடம் இரண்டு தலையணை வாங்கி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு ஓட்டினார். தெருமுனை ஸ்பீட் பிரேக்கரில் வண்டியின் அடிவயிறு உரசி ஒரு சத்தம் வந்தது. ‘இது காரா, ரோட்டப் பெருக்குற தொடப்பமா?’ என்றார். நான் சிரித்தேன். அவரும் கொஞ்சம்.

மேம்பாலத்தின் மேல் முந்நூறு வண்டிகளுக்கு நடுவே உன் வண்டியை விட்டுவிட்டு மழையில் நின்றோம். அப்பா கிளம்ப மனமில்லாமல் கைப்பிடியை நான்கு தடவை இழுத்துப் பார்த்தார்.

எடை என்ன?

குடையில்லாத,
ஷெரில்

---

மயிலாப்பூர்,
24 நவம்பர் 2024

அன்புள்ள அண்ணா,

நாங்கள் சுகம். நீ எப்படி என்று தெரியவில்லை. ஐந்து வாரமாகப் பதில் இல்லை. தபால்காரரிடம் தினமும் கேட்கிறேன். அவர் இப்போது என்னைப் பார்த்ததும் தூரத்திலிருந்தே கையை விரித்துவிடுகிறார்.

வண்டியில் பெரிய கோளாறு. மேம்பாலத்திலிருந்து கொண்டுவந்த பிறகு இடது முன்சக்கரத்தில் டக் டக் என்று சத்தம். இடதுபுறம் திரும்பினால் வருகிறது, வலதுபுறம் திரும்பினாலும் வருகிறது. பிரேக் போட்டால் அதிகமாகிறது. வண்டியை நிறுத்திச் சாவியை எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. பாய்க்கே புரியவில்லை. உனக்குத்தான் இந்த வண்டியின் சத்தமெல்லாம் தெரியும் என்கிறார். நீ ஒரே ஒரு நாள் வந்து பார்த்துவிட்டுப் போனால் போதும்.

அவசரமாக,
ஷெரில்

---

சிறுமலை,
15 டிசம்பர் 2024

அன்பு ஷெரிக்கு,

சுகம். அக்டோபர் கடைசியிலிருந்து முப்பது நாள் மௌன தியானம். எழுதவும் கூடாது, வாங்கவும் கூடாது. முன்பே சொல்லியிருக்க வேண்டும், தவறு என்னுடையது. உன் இரண்டு கடிதங்களும் ஒன்றாகக் கிடைத்தன. தலையணைக் கடிதத்தை முதலில் படித்தேன். அதன் பிறகு அன்று தோட்டத்துக்குப் போகவில்லை.

இப்போது சத்தம். முன் ஷாக்ஸின் மேல் புஷ் போயிருந்தால் ஒரு பக்கம் திரும்பும்போது வரும். பந்து மூட்டு தேய்ந்திருந்தால் பள்ளத்தில் வரும். பிரேக்கில் வந்தால் சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கையின் புஷ். ஆனால் வண்டியை நிறுத்திச் சாவியை எடுத்த பிறகும் கேட்கிற சத்தம் எந்தக் காரிலும் கிடையாது ஷெரி. பாய்க்குப் புரியாத சத்தமும் கிடையாது. நீ பொய் எழுதிப் பழகாதவள். அதனால் சத்தத்தில் எதையும் விடாமல் எல்லாவற்றையும் போட்டுவிட்டாய்.

கோபமில்லை. இங்கே ஒரு பழைய வேன் இருக்கிறது. மலைக்கிராமத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கு இறக்கிவிடும். அதன் பின் பட்டை ஸ்பிரிங்கில் இரண்டு இலைத் தகடு உடைந்து கிடக்கிறது. தந்தை லாசர், ‘நீங்க பெரிய கார் டாக்டராமே’ என்று கீழே படுக்க வைத்துவிட்டார். கொண்டை ஊசி வளைவில் அது போடும் சத்தத்தை உனக்கு எழுதினால் நீயே பயந்துவிடுவாய்.

கிறிஸ்து பிறப்பு வாழ்த்துகள். கேக்கில் என் துண்டை நீயே சாப்பிடு.

கிரீஸ் கையுடன்,
ரொனால்ட்

---

மயிலாப்பூர்,
5 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணா,

புத்தாண்டு வாழ்த்துகள். உடம்பு சுகம். மனம் வெட்கத்தில் இருக்கிறது.

ஆமாம், பொய். வண்டி மேம்பாலத்திலிருந்து வந்த நாளிலிருந்து எந்தச் சத்தமும் போடவில்லை. சாந்தோம் கோயிலில் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். ‘வண்டிச் சத்தத்தைப் பற்றிப் பொய் சொன்னேன் ஃபாதர்’ என்றேன். ‘வித்தீங்களாம்மா?’ என்று கேட்டார்.

உண்மையையும் எழுதிவிடுகிறேன். இந்த ஆறு மாதமும் நான் கேட்டது சஸ்பென்ஷனைப் பற்றியே இல்லை. அதைக் கேட்டால் நீ நீயாகவே எழுதுகிறாய், அதனால் கேட்டேன். நீ வேளச்சேரி பேஸ்மெண்டை நினைத்துக்கொண்டே இருந்தால் ஒரு நாள் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாய் என்று கணக்குப் போட்டேன். தந்தை லாசர் இதையும் படிக்கட்டும்.

ஆனால் ஒரு விஷயம். முழுப் பொய்யாகவும் இல்லை. ஷாக்ஸ் பற்றி நூலகத்தில் தேடித் தேடிப் படித்ததில் எனக்கே பிடித்துவிட்டது. கல்லூரியில் இயந்திரவியல் கேட்கலாமா என்றிருக்கிறேன். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

நீ ஃபார்மை மட்டும் நிரப்பி அனுப்பு. ‘ஓட்டுபவர் எடை’ என்ற கட்டத்தில் உன் எடையா, இல்லையா?

இனிப் பொய் எழுதாத,
ஷெரில்

---

சிறுமலை,
2 மார்ச் 2025

அன்பு ஷெரிக்கு,

நாளை உனக்குப் பொதுத்தேர்வு ஆரம்பம். இது கைக்கு வரும்போது பாதி முடிந்திருக்கும். நன்றாகவே எழுதியிருப்பாய். எனக்கு உடம்பு சுகம்.

பிப்ரவரியில் எழுதவில்லை. தியானம் எதுவும் இல்லை. எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை.

நீ உண்மை எழுதினாய், நானும் எழுதுகிறேன். ஐந்து வருடத்தில் அந்த வண்டிக்கு நான்கு செட் ஸ்பிரிங் மாற்றினேன். ஒவ்வொன்றும் பாயிடமிருந்து அடையாறு பாலம் வருவதற்குள் போதவில்லை. கொஞ்சம் இறக்கினால், கொஞ்சம் விறைத்தால் சரியாகிவிடும் என்று தோன்றும். வேலையிலும் அப்படித்தான் இருந்தேன். இங்கே வந்தால் நிற்கும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. அமைதி கிடைத்துவிட்டது என்று எழுதினால் அது உன் டக் டக் சத்தம் மாதிரி ஆகிவிடும்.

போன மாதம் ஒரு நாள் மதியம் வேன் சாவி என் கையில் இருந்தது. உள்ளே உட்கார்ந்து திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்கு எவ்வளவு நேரம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். தந்தை லாசர் ஜன்னலருகே வந்தார். ‘போறதுன்னா சொல்லுங்க தம்பி, நானே கொண்டு விடுறேன். ஆனா நாலு மணிக்குப் பிள்ளைங்கள எறக்கணும், அதுக்குள்ள முடிவு பண்ணுங்க’ என்றார். நான்கு மணிக்குப் பிள்ளைகளை இறக்கினேன். அவ்வளவுதான் நடந்தது. அது முடிவா என்று எனக்கே தெரியவில்லை.

ஃபார்ம் என் பைபிளுக்குள் இருக்கிறது. அந்தக் கட்டம் இன்னும் காலி.

ரொனால்ட்

---

மயிலாப்பூர்,
6 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணா,

பரீட்சை முடிந்தது. இயற்பியலில் சுருள்வில் கேள்வி வந்தது, ராமர் நினைவுக்கு வந்து சிரித்துவிட்டேன். சூப்பர்வைசர் அக்கா முறைத்தார். எல்லோரும் சுகம்.

உன் கடிதத்தை அப்பா படித்தார். நான் கொடுக்கவில்லை, மேசைமேல் விட்டேன். படித்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டார். அம்மா அன்று அயர்ன் பெட்டியை எடுக்கவில்லை, மறுநாள் எடுத்தாள்.

இங்கே யாருக்கும் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை அண்ணா. போன் அடித்தால் மூன்று பேரும் எழுந்துவிடுகிறோம், உனக்குப் போன் கிடையாது என்று தெரிந்தும். உன் சாப்பாட்டுத் தட்டை அம்மா உள்ளே வைக்கிறாள், வெளியே எடுக்கிறாள். நீ வருகிறாய் என்றால் சந்தோஷம். வரவில்லை என்றால் அழுவேன், அது எனக்குத் தெரியும், அழுது முடிப்பேன். காலியாக இருக்கிற கட்டத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

பாய் மே பத்தாம் தேதி வரைதான் இடம் வைத்திருப்பாராம். ‘சாமியார் முடிவு பண்றதுக்குள்ள என் தராசே துருப்பிடிச்சிரும்’ என்கிறார்.

பதில் எதுவானாலும் பதிலாக எழுது.

காத்திருக்கும்,
ஷெரில்

---

சிறுமலை,
4 மே 2025

அன்பு ஷெரிக்கு,

சுகம். ஃபார்ம் இத்துடன். பாயிடம் கொடுத்துவிடு. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் என் வணக்கம்.

ரொனால்ட்

வண்டி: ஆக்டேவியா, நீலம்.
ரோடு: லஸ், அடையாறு, வேளச்சேரி. மழைக்காலத்தில் மேம்பாலம்.
போட வேண்டியது: காயில்ஓவர். மென்மையான பக்கம் திருகவும்.
உயரம்: கம்பெனி உயரம். ஸ்பீட் பிரேக்கரில் உரசக் கூடாது.
கூட வருபவர்கள்: இரண்டு பேர். ஒருவருக்கு முழங்கால் வலி. ஒருவருக்கு இனித் தலையணை வேண்டாம்.
ஓட்டுபவர் எடை: 46 கிலோ.

---

மயிலாப்பூர்,
18 மே 2025

அன்புள்ள அண்ணா,

சுகம். மூன்று பேரும்.

ஃபார்மை நான்தான் முதலில் பிரித்தேன். கடைசி வரியைப் படித்துவிட்டு அப்பாவிடம் நீட்டினேன். வாங்கிப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் பார்த்தார். ‘இது யாரு வெயிட்டு?’ என்றார். என்னைப் பார்த்தார். அதன் பிறகு கேட்கவில்லை. நான் சொன்னபடியே அழுதேன். இன்னும் முடிக்கவில்லை. அம்மா என்னைத் தேற்றிவிட்டுப் போய் அயர்ன் பெட்டியை எடுத்தாள்.

நேற்று பாய் வேலையை முடித்தார். நாலு சக்கரத்துக்கும் அடியில் தராசு வைத்து, மணல் மூட்டையை டிரைவர் சீட்டில் தூக்கி வைக்கப் போனார். ‘ஓட்டுறவதான் நேர்லயே நிக்கிறாளே பாய், மூட்டை எதுக்கு?’ என்றார் அப்பா. பிறகு அவரே கதவைத் திறந்து, சீட்டுக்கு அடியில் கையை விட்டு, கடகடவென்று முன்னால் இழுத்தார். உன் அளவு போய்விட்டது அண்ணா. நான் ஏறி உட்கார்ந்தேன். கால் எட்டியது.

ஜூன் பன்னிரண்டாம் தேதி எனக்குப் பதினெட்டு முடிந்த பிறகுதான் எல்.எல்.ஆர். உரிமம் கிடைக்கும். அதுவரை அப்பா ஓட்டுவார். பாய்க்கு அதில் வருத்தம். ‘வாத்தியாரே, இது உங்க அளவு இல்ல, பாப்பா அளவு’ என்று இரண்டு தடவை சொல்லிவிட்டார். முப்பத்தொன்றாம் தேதி உன் வார்த்தைப்பாட்டுக்கு இந்த வண்டியில்தான் வருகிறோம். பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவு இருக்கிறதாமே. அம்மா இப்போதே செபமாலையை டாஷ்போர்டில் வைத்துவிட்டாள். உன் சட்டைகள் ஆறும் பெட்டியில் வருகின்றன, நீ போடாவிட்டாலும்.

ஒரு திருத்தம். நாற்பத்தாறு நீ சிறுமலைக்குப் போனபோது இருந்த என் எடை. தராசில் நாற்பத்தெட்டு காட்டியது. பாய் உன் எழுத்தை அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதிக்கொண்டார்.

வளைவுகளில் மெதுவாக வரப்போகும்,
ஷெரில்